கேட்டைத் தாண்டினால் தண்ணீர் தவிக்கும்

ஆமத்தூரக்கா தண்ணீர் குடிப்பதை, ஒரே பட்டாசு ஆலையில் அவரோடு வேலை பார்த்த முதல் எட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் அங்கே போர்மேன். எந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எதற்கு எழுந்து வெளியே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. நான் பார்க்கவில்லை என்றால் அவர் குடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஆலையிலும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்தது ஆமத்தூர், வாக்கப்பட்டது ஏழாயிரம்பண்ணைப் பக்கம். கட்டிக்கொடுத்த பெண்களைப் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என்னைவிட ஆறேழு வயது இளையவர்தான். ஆலை முழுக்க அக்கா என்றதால் எனக்கும் அக்காவாகிவிட்டார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். இந்த வயதில் அதற்குத் தெம்பும் இல்லை, தப்பிக்க வழியும் இல்லை.

அக்காவுக்குப் பூச்சட்டியில், அதாவது புஸ்வாணத்தில், மருந்து அடைக்கிற அறை. சின்ன அறை, நாலு பெண்கள், தரையில் ரப்பர் விரிப்பு. பத்து மணிக்குள் முழங்கை வரைக்கும் வெள்ளிப் பூச்சு ஏறிவிடும். மருந்தில் அலுமினியத் தூள் இருக்கிறது. அதில் ஈரம் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள்ளேயே சூடு ஏறி அப்புறம் தானாகப் புகையும். அதனால் மருந்து அறைக்குள் தண்ணீர் கிடையாது. வெளியே போய்க் குடித்துவிட்டு வருகிறவர்கள் கை, வாய், முந்தானை எல்லாம் காய்ந்த பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். அது நான் போட்ட விதி இல்லை, தொழிலின் விதி. சரியான விதி என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

தண்ணீர்ப் பானையை எங்கே வைப்பது என்பது மட்டும் என் கையில் இருந்தது. வேப்பமரத்தடியில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அங்கேதான் நிழல் இருந்தது. குடிக்க வருகிறவள் வெயிலில் நடந்து வந்து, என் முன்னால் மொண்டு குடித்து, கை காய்கிற வரைக்கும் என் முன்னாலேயே நிற்க வேண்டும். யாரையும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்ப்பேன்.

கழிப்பறை என்று ஒன்று ஆலையின் கடைசியில், உடைமரங்களை ஒட்டி இருந்தது. தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி போனால் இன்னொருத்தி காவலுக்குப் போக வேண்டும். அறையில் பாதி வேலை நின்றுவிடும், நான் மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

வெயில், கடிகாரம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, இந்த எல்லாவற்றையும் அக்கா ஒரே வழியில் முடித்துவிட்டார். குடிப்பதையே விட்டுவிட்டார். காலை ஏழு மணிக்கு வேனை விட்டு இறங்கினால் சாயங்காலம் அஞ்சரைக்கு ஏறுகிற வரை ஒரு மடக்கு கிடையாது. மத்தியானம் சோற்றுக்குக் கை கழுவும்போது வாய் கொப்பளிப்பார், அதையும் துப்பிவிடுவார். தயிர்ச் சோற்றுக்கு மோர்மிளகாய். அது போதாது என்று சேலை முடிச்சிலிருந்து இரண்டு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வார். வேர்த்த உடம்பு உப்புக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். தண்ணீர் கேட்கவில்லையே என்பது எனக்குத் தோன்றியதில்லை.

"ஈரம் வெளியிலயே இருக்கட்டும் அண்ணாச்சி" என்பார். அதை ஒரு பெருமையாகத்தான் சொல்வார். நானும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது வருஷம் ஒரு நாள் என் பைக் பஞ்சராகி, பெண்கள் போகிற வேனில் நானும் ஏறினேன். ஆலை கேட்டுக்கு நாலு அடி உள்ளேயே வேன் நின்றுவிட்டது. டிரைவர் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்னவோ செய்தார். வேனுக்குள் சட்டிபோல வெக்கை. ஆளாளுக்குப் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். அக்கா ஒரு லிட்டர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் உப்பு பூத்திருந்தது.

"குடிங்களேன்க்கா. வேலைதான் முடிஞ்சிருச்சே."

"இன்னும் தவிக்கலையே அண்ணாச்சி. கேட்டத் தாண்டுனாத்தான் எனக்குத் தண்ணி தவிக்கும்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். டிரைவர் இறங்கித் தள்ளச் சொன்னார். நானும் கேட்டில் நின்ற இரண்டு ஆண்களும் தள்ளினோம். முன்சக்கரம் கேட்டைத் தாண்டிய உடனே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அக்கா நாக்கால் உதட்டைத் தடவுகிறார். பாட்டிலைத் திறந்தார், அண்ணாந்தார், காலியாகிற வரை கீழே இறக்கவில்லை. வேனே சிரித்தது. அவரும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும்தான்.

மறுநாள் அந்தக் கதையை எல்லா அறையிலும் சொன்னேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கல்யாணமாகிப் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் மத்தியானத்துக்குள் மூன்று தடவை பானைக்கு வந்தாள். "ஆமத்தூரக்காவப் பாரும்மா. அவுகளுக்கும் இதே ஒடம்புதான" என்றேன். அந்தப் பெண் அன்றைக்கு நாலாவது தடவை வரவில்லை.

அக்கா காதில் அது விழுந்துவிட்டது. சாயங்காலம் வேனுக்குப் போகிற வழியில் என்னிடம் நின்றார். "அந்தப் பிள்ளைய ஏன் சொல்றீக. அதுக்கு இன்னும் பழகல, அம்புட்டுத்தான்" என்றார். பழகிவிடும் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இவ்வளவு சொல்கிறேன் என்பதற்காக அவரை வறண்ட ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தண்ணீர்தான். என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். வாசலில் கோழிகளுக்கு ஒரு மண் சட்டியில் தண்ணீர், காக்காய்க்கு மதில்மேல் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர். நான் உட்காருவதற்குள் செம்பை நீட்டிவிட்டார். ஒரே மூச்சில் குடித்து முடிக்கிற வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம்" என்று இன்னொரு செம்பு.

"நீங்க இன்னைக்காவது குடிச்சீகளா?" என்று கேட்டேன்.

"அஞ்சரைக்குத்தான் வரும். ஒடம்புக்கு லீவு தெரியாதுல்ல" என்றார்.

அப்புறம் ஆலை சின்ன முதலாளி கைக்கு வந்தது. அவர் முதல் மாதமே ஒவ்வொரு வரிசைக்கும் கூரை போட்டு ஒரு தண்ணீர்க் கேன், பக்கத்தில் கை துடைக்கத் துண்டு, தாழ்ப்பாளோடு நாலு கழிப்பறை என்று செய்துவிட்டார். விதியை மீறாமலே செய்ய முடிகிற காரியம்தான். எனக்குத்தான் அத்தனை வருஷமாகத் தோன்றவில்லை. பெண்கள் பத்து நாளில் மாறிவிட்டார்கள். அக்காவால் முடியவில்லை. கேனுக்குப் போவார், டம்ளரைப் பிடிப்பார், ஒரு வாய் வைத்துக்கொண்டு நிற்பார், ஓரமாகத் துப்பிவிட்டு வருவார்.

"வாயிலயே நிக்குது அண்ணாச்சி. தொண்டை வாங்க மாட்டேங்குது. தண்ணி இங்கனயே இருக்குன்னு ஒடம்புக்கு இன்னும் யாரும் சொல்லல போல."

நான் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

கால் வீக்கத்தை முதலில் பார்த்தது நான்தான். செருப்பு வாரின் தடம் மத்தியானம் வரை பாதத்தில் அப்படியே கிடந்தது. அதற்கு முன்னாலேயே இரண்டு தடவை இடுப்பு வலி என்று லீவு போட்டிருந்தார். சின்ன முதலாளி தன் காரில் அனுப்பிவைத்தார். அக்கா, அவர் மகள், நான், மூன்று பேரும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆனைக்குட்டம் விலக்கில் அணையில் தண்ணீர் இருக்கிறதா என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார் அக்கா. பாட்டில் மகள் மடியில் இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். அக்கா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தாகமே எடுக்காதாம்மா?"

"எடுக்கும். கேட்டத் தாண்டுனா எடுக்கும்."

மகள் வேன் கேட்டைத் தாண்டிய கதையை விளக்கினாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து வட்டமாக ஒரு தலையும் கீழே இரண்டு அவரை விதையும் வரைந்தார்.

"உடம்புல தண்ணியும் உப்பும் ஒரு அளவுல இருக்கணும். அதைப் பாத்துக்கிறது மூளை. தண்ணி குறைஞ்சா அது ரெண்டு வேலை செய்யும். குடின்னு உங்களுக்குச் சொல்லும், அதுதான் தாகம். வெளிய விடாதே, பிடிச்சு வைன்னு கிட்னிக்குச் சொல்லும். நீங்க முதல் சொல்லைக் கேக்கவே இல்லை. இத்தனை வருஷமா ரெண்டாவதை வச்சே ஓட்டியிருக்கீங்க."

வரைந்த தலைக்குள் ஒரு கோடு இழுத்துக்கொண்டே மேலும் சொன்னார்: "ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி குடுக்கிற இடம் இருக்குது பாருங்க, அந்த இணைப்பு எப்பவும் ஒரே மாதிரி இருக்காது. நடக்க நடக்கப் பாதை தெளியிற மாதிரி, அடிக்கடி போற சேதிக்கு அது பலமாகும். போகாத சேதிக்குப் பலம் குறையும். உங்க மூளையில பிடிச்சு வைங்கிற பாதை பெருசாயிருக்கலாம், குடிங்கிற பாதை மூடியிருக்கலாம். தலையைத் திறந்து பாத்து உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றது அப்படித்தான் இருக்கு."

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழகுனதுதான? அப்ப மாத்திப் பழக்கலாம்ல?"

"மூளையைப் பழக்கலாம்மா. கிட்னி அப்படி இல்லை. அதுல போனது போனதுதான். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தணும்னா இன்னையில இருந்து நேரத்துக்குத் தண்ணி குடிக்கணும். தவிச்சாலும் தவிக்கலைன்னாலும்."

வேலைக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அந்த சீசனோடு நானும் வேலையை விட்டு நின்றேன். மகள் சிவகாசியில் அச்சாபீஸ் பைண்டிங்குக்குப் போகிறவள். பகல் முழுக்க அக்கா வீட்டில் தனி. நேரத்தை யார் ஞாபகப்படுத்துவது என்ற பேச்சு வந்தபோது நான் செய்கிறேன் என்றேன். கடிகாரம் பார்க்கிற வேலைதான் எனக்குத் தெரியுமே.

ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். அலாரம் அடித்ததும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால். அவர் எடுக்கக் கூடாது, ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். குடித்து முடித்து எனக்கு ஒரு மிஸ்டு கால். முதல் வாரம் பதில் வர இருபது நிமிஷம் ஆகும். மருந்து முழுங்குவதுபோல முழுங்குகிறார் என்று மகள் சொன்னாள். அப்புறம் பத்து நிமிஷம், அப்புறம் ஐந்து. அந்தப்பக்கம் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. பேச்சே கிடையாது. நானும் அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் குடித்துவைப்பேன். அவரை மட்டும் குடிக்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

ஏழாவது மாதம். காலை பத்தேகால் இருக்கும். என் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. அக்கா. நேரமில்லாத நேரத்தில் அவர் அடித்ததே இல்லை. உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. தவிச்சிச்சு அண்ணாச்சி. அதான் குடிச்சேன். குடிச்சிட்டு உங்களுக்கு ஒரு ரிங்கு விட்டேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். எத்தனையோ வருஷமாகச் செய்த ஒரு தப்பைத் திருப்பி வைத்துவிட்டேன் என்று அன்றைக்கு மனதார நம்பினேன்.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. நேரத்துக்கு ஐந்து ரிங், இடையில் அவர் தானாக ஒன்றோ இரண்டோ. வெயில் காலத்தில் நாலுகூட வரும். பிறகு ஒரு திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் அடித்ததற்குப் பதில் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. போனில் சார்ஜ் இல்லை போல என்று நினைத்தேன். விடாமல் அடித்தேன். நாலு நாள், ஒரு நேரம் தவறாமல். ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் போனேன்.

வாசலில் கோழிச் சட்டியில் தண்ணீர் இருந்தது. அக்கா கட்டிலில் படுத்திருந்தார். முகம் ஊதி, கையில் கட்டு. மகள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூச்சு முட்டித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மிச்சமிருந்த கிட்னியும் நின்றுவிட்டது. இனி வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, அதனால் கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அதே டாக்டரம்மா அளந்து கொடுத்திருந்தார். கட்டிலடியில் ஒரு சின்ன பாட்டில், அதில் பேனாவால் கோடு. காலை பத்து மணிக்கே கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

"தாயி, அண்ணாச்சிக்குத் தண்ணி குடு" என்றார் அக்கா.

வேண்டாம் என்றேன். விடவில்லை. மகள் செம்பை நீட்டினாள். குடிக்காமல் வைத்தால் அவருக்கு மனம் ஆறாது, குடித்தால் எனக்கு ஆறாது. குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் முகத்தைத்தான் பார்ப்பார்.

"நல்லாத் தவிக்குது அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "ஆலையில இருக்கயில இப்படி ஒரு நா தவிச்சிருந்தா ஓடி வந்து குடிச்சிருப்பேன். நீங்க அடிக்கிற ரிங்குதான் இப்பப் பெரிய பாடாயிருக்கு. ரிங்கு கேட்டா நாக்கு வறண்டு போகுது. போன வேற எங்கனயாச்சும் வைன்னு இவகிட்டச் சொன்னேன். சத்தம் எங்க வச்சாலும் கேக்குது. இனி அடிக்காதீக."

செம்பைத் தரையில் வைத்தேன். "என்மேல கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கோவம்? நீங்க சொன்னா என் ஒடம்பு கேட்டுக்கிருது. அன்னைக்கும் கேட்டுச்சு, இன்னைக்கும் கேக்குது" என்றார்.

வஞ்சனையாகச் சொல்லவில்லை. அவருக்கு வஞ்சனை தெரியாது. அந்த மதில்மேல் கொட்டாங்கச்சியில் ஒரு காக்காய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்து பஸ்ஸுக்கு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஐந்து அலாரத்தையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

ஆடி மாதம் அக்கா போய்ச் சேர்ந்தார். எடுக்கிற அன்றைக்கு வந்திருந்த கூட்டத்தில் பாதி எங்கள் ஆலைப் பெண்கள். நான் சொன்னதைக் கேட்டு நாலாவது தடவை பானைக்கு வராமல் போன அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். பந்தல் ஓரத்தில் நின்று பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கிட்டப் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் பாட்டிலை மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அலாரம் போய் இரண்டு வருஷமாகிறது. என் வீட்டில் இப்போது கடிகாரம் பார்க்கிற வேலை யாருக்கும் இல்லை. ஆனால் ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து, அந்தந்த நேரத்துக்கு என் நாக்கு வறண்டு போகிறது. பஸ்ஸில் இருந்தாலும் சரி, சாவு வீட்டில் துஷ்டி கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தவிக்கிறது. அந்த டாக்டரம்மாவிடம் கேட்டால் காகிதத்தில் என் தலையையும் வரைந்து காட்டுவார். எழுந்து போய் மொண்டு குடிக்கிறேன். குடித்துவிட்டுக் கையை இரண்டு பக்கமும் துண்டில் துடைத்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.